வேப்பிலை கட்டிய வாசல்

பங்குனி பிறந்து, வெயில் முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏறத் தொடங்கியதும், குழந்தைகள் உள்ள வீடுகளில் சில வேலைகள் யாரும் சொல்லாமலே நடந்தேறும். புதுப் பானை வாங்கி ஆற்று மணலில் அமர்த்துவார்கள். வடகத்துக்குக் கூழ் காய்ச்சுவார்கள். காக்கை விரட்டும் வேலை சிறுவர்களுக்கு வரும். இரவில் மொட்டை மாடியில் பாய்கள் விரியும். நம் தலைமுறையின் நினைவில் உள்ள கோடைத் தொடக்கம் பெரும்பாலும் இதுதான்.

நம் பாட்டிமாரின் நினைவில் இருந்த கோடை வேறு. எங்கள் பாட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பங்குனி, சித்திரை மாதங்களில் குழந்தைகளைக் குளிப்பாட்டித் துவட்டியபின் அப்படியே விட்டுவிட மாட்டார். ஒவ்வொருவரையும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகைத் திருப்பிப் பார்ப்பார், நெற்றியைத் தொடுவார், உள்ளங்கையை விரிக்கச் சொல்வார். வேர்க்குருதான் என்று உறுதியான பிறகே சட்டை மாட்ட விடுவார். அவரிடம் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "பெத்தது எட்டு, இருக்கிறது அஞ்சு" என்பதே பதில். இல்லாமற்போன மூவரில் இருவர் ஒரே சித்திரையில் பத்து நாள் இடைவெளியில் போனவர்கள். அதற்குமேல் அவர் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. முதுகைத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கையின் வரலாறு என்ன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இக்கட்டுரை அந்த வரலாற்றைப் பற்றியது. பெரியம்மையின் கதை மருத்துவர்களின் கதையாகவும் அரசுகளின் கதையாகவும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. கைக்குழந்தைகள் உள்ள ஒரு சாதாரண வீட்டின் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே நம் கேள்வி.

*

பெரியம்மைக்கு ஒரு பருவம் இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் மழை ஓய்ந்து காற்று உலர்ந்தபின் தலைதூக்கி, பங்குனி, சித்திரையில் உச்சத்தை எட்டி, அடுத்த மழை இறங்கியதும் தணியும். வங்காளிகள் இதை வசந்தத்தின் பெயராலேயே அழைத்தார்கள். நாம் இதை வைசூரி என்றோம், பெரியம்மை என்றோம், வீட்டுக்குள் பேசும்போது 'தாய் வந்திருக்கிறாள்' என்றோம். உலர்ந்த காற்றில் இந்நோயின் கிருமி நெடுநேரம் அழியாதிருக்கும் என்பது ஒரு காரணம். அறுவடை முடிந்து கையில் நெல்லும் காசும் இருக்கிற நாட்களில்தான் திருமணங்களும் திருவிழாக்களும் நடக்கும், உறவினர் வீடுகளுக்குக் குழந்தைகளோடு போய்த் தங்குவார்கள் என்பது மற்றொரு காரணம்.

மாரி என்ற சொல்லுக்கு மழை என்பதே பழம்பொருள். மழையற்ற மாதங்களில் வந்து மழையோடு போகும் நோய்க்கு உரியவளாக மாரியம்மனை நம் மக்கள் வழிபட்டதில் ஆழ்ந்த கவனிப்பு ஒன்று இருக்கிறது. சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் அம்மனே பச்சைப் பட்டினி கிடக்கிறாள் என்பது மரபு. அந்நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியவையே படைக்கப்படும். அம்மை கண்ட குழந்தைக்கு வீட்டில் தரப்படும் குளிர்ந்த உணவும் ஏறத்தாழ இதுவே. குழந்தையின் பத்தியத்தைத் தெய்வமும் ஏற்றுக்கொள்கிறது. கோடை தொடங்குகிறது என்பதை வீடும் கோயிலும் ஒரே உணவால் அறிவித்துக்கொண்டன எனலாம்.

*

குழந்தையின் உடலில் முத்து தெரிந்ததும் வீடு மாறிவிடும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறும். பிச்சைக்காரர் முதல் சம்பந்தி வரை எவருக்கும் அதன் பொருள் தெரியும். அந்த வீட்டிலிருந்து நெருப்போ மோரோ இரவல் தரமாட்டார்கள். துணி வெளுக்கப் போகாது. அடுப்பில் தாளிப்பு நின்றுபோகும். எண்ணெய்ச் சட்டி ஏறாது. தலைவாருதல், முகச்சவரம், உரத்த பேச்சு, கணவன் மனைவி உறவு எல்லாம் தள்ளிவைக்கப்படும். வெளியே போய்வந்தவர் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. குழந்தையை வேப்பிலை பரப்பிய பழந்துணியில் அல்லது வாழையிலையில் கிடத்தி, சொறியத் துடிக்கும் கையைப் பிடித்துக்கொண்டு, வேப்பங்கொழுந்தால் வருடிக் கொடுப்பார்கள். அரிப்புத் தாங்காத இரவுகளில் யாராவது மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். முத்து இறங்கி உலர்ந்தபின், மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலில் வைத்துச் சூடேறிய நீரால் முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். அதன்பிறகே அந்த வாசல் மறுபடியும் மற்றவர்களுக்குத் திறக்கும்.

இவற்றில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று இன்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடியும். வேப்பிலை நோயை ஆற்றவில்லை. பெரியம்மைக்கு அன்று மருந்தே கிடையாது. தடுப்பூசி பெறாதவர்களுக்குக் கண்டால், மூவரில் ஏறக்குறைய ஒருவரை அது கொண்டுபோகும். பிழைத்தவர்களிலும் பலர் முகத்தில் தழும்போடும், சிலர் கண்ணை இழந்தும் வாழ்ந்தார்கள்.

ஆனால் வாசலில் வேப்பிலை கட்டியது வேறொரு வேலையைச் செய்தது. பெரியம்மை மறைந்திருந்து பரவும் நோய் அன்று. தொற்றியபின் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் எந்த அறிகுறியும் இராது. அந்நாட்களில் அது பிறருக்குப் பரவுவதும் இல்லை. கடுங்காய்ச்சல் வந்து, பிறகு முத்து தெரியத் தொடங்கும்போதுதான் பரவும் காலம் தொடங்குகிறது. முத்து தெரிந்த உடனே வாசலை அடைத்து, கடைசிப் பொருக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் விடும்வரை அடைத்தே வைத்த வீடு, எந்த நாளில் அடைக்க வேண்டுமோ அந்த நாளில் அடைத்தது. எந்த நாளில் திறக்க வேண்டுமோ ஏறத்தாழ அந்த நாளில் திறந்தது.

இதைச் சொல்லும்போதே இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வாசலை அடைத்ததால் ஊர் ஓரளவு தப்பியது. வீட்டிலிருந்த மற்றக் குழந்தைகள் தப்பவில்லை. மூத்த பிள்ளைக்கு முத்து தெரிந்த நாளிலிருந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் வரும். எங்கள் பாட்டியின் அந்தச் சித்திரை அப்படிப்பட்டதுதான்.

*

வீட்டுக்குள் குழந்தையைக் காக்க வேறு வழிகளும் தேடப்பட்டன. வங்காளத்தில் அம்மைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே வீடு வீடாக வந்து, பழைய அம்மைப் பொருக்கின் சீழைக் குழந்தையின் கையில் சிறிதளவு கீறி ஏற்றும் தொழில்முறைக் குழுக்கள் இருந்தன. ஹால்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1767-இல் லண்டன் மருத்துவர்களுக்காக இதை விரிவாக எழுதினார். அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டார் மீன், பால், நெய் ஆகியவற்றை விலக்கிக் காத்திருப்பார்கள் என்கிறார் அவர். கோடைக்கு ஆயத்தமாவது என்பதன் பொருள் அங்கே இதுதான். பெரும்பாலும் இலேசான அம்மையோடு பிள்ளை தப்பிவிடும். சில வேளைகளில் அதனாலேயே இறந்துபோவதும் உண்டு. அது உண்மையான பெரியம்மையே என்பதால் அக்கம்பக்கத்துக்குப் பரவும் ஆபத்தும் இருந்தது.

எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14-ஆம் நாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பசு அம்மையின் சீழை ஏற்றிப் பார்த்தது இதற்கு மாற்றாகத்தான். இந்தப் புதிய முறை இந்தியாவுக்கு வந்து சேர்ந்த விதத்தை நம் கட்டுரையின் நடுப்புள்ளி எனலாம். குளிர்பெட்டி இல்லாத காலம். சீழை உயிரோடு கொண்டுசெல்ல ஒரே வழி, ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு ஏற்றி ஏற்றிக் கொண்டுவருவது. பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்த அம்மைப்பால், 1802 ஜூன் 14-இல் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் பற்றிக்கொண்டது. இந்தியாவில் தடுப்பூசி வெற்றியாக ஏறியது முதன்முதலில் அந்தக் குழந்தைக்கே. அவள் கையிலிருந்து கிளைத்ததே அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது.

அதன்பிறகு ஏறத்தாழ நூறாண்டுகள் நம் குழந்தைகளின் கைகளே அம்மைப்பாலின் பாத்திரங்களாக இருந்தன. ஊசி குத்தி எட்டாம் நாள், கொப்புளம் முற்றி நிற்கும்போது, குழந்தையை மறுபடியும் கொண்டுவரச் சொல்வார்கள். அந்தக் கொப்புளத்தைக் கீறிப் பாலெடுத்து அடுத்த குழந்தைகளுக்கு ஏற்றுவார்கள். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளையின் புண்ணை யாரோ ஒருவர் கீறுவதற்காக அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். யார் பிள்ளையின் உடலிலிருந்து வந்தது தன் பிள்ளைக்கு ஏறுகிறது என்று தாய்க்குத் தெரியாது. வேறு நோய்களும் இவ்வழியே தொற்றும் என்ற அச்சம் ஆதாரமற்றதும் அன்று. மேகநோய் இப்படிப் பரவியதை ஐரோப்பிய மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

அம்மை குத்துபவர் ஊருக்குள் நுழைந்ததும் தாய்மார் குழந்தைகளை நெற்குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை அன்றைய அதிகாரிகள் மூடநம்பிக்கை என்றே எழுதினார்கள். நாமும் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு நெடுநாள் பயன்படுத்திவிட்டோம். சாதித் தீட்டைப் பற்றிய கணக்கு அதில் இருந்தது. தெய்வம் கோபிப்பாள் என்ற பயமும் இருந்தது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. இவற்றோடு, தன் பிள்ளையின் உடலை அறிமுகமற்ற ஒருவனின் கருவிக்குக் கொடுக்கத் தயங்கிய சாதாரணத் தாயின் விவேகமும் இருந்தது.

இதை உணர்ந்த ஓர் ஆங்கிலேயர் சென்னையிலேயே இருந்தார். குறளை மொழிபெயர்த்தவராகத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த எல்லிஸ் அவர். 1819-இல் மறைந்த அவர், அம்மனும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் ஒரு நூலை இயற்றி, அம்மைப்பால் பசுவின் கொடை என்று அதில் நிறுவ முயன்றார். நம் மரபுக்குள்ளிருந்தே வந்தது என்று காட்டினால் வீடுகள் ஏற்கும் என்பது அவர் கணக்கு. அது புனைவுதான், வரலாற்றாய்வாளர்கள் பிற்காலத்தில் அதைப் புனிதமான பொய் என்ற வகையில் சேர்த்துப் பேசினார்கள். இருப்பினும் வாசற்படியில் நின்று அனுமதி கேட்க வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது. பின்வந்த சட்டங்களில் அது இல்லை. 1880-இல் வந்த தடுப்பூசிச் சட்டம் கேட்பதற்குப் பதிலாகக் கட்டாயப்படுத்தியது.

*

1899-இல் கிண்டியில் தோன்றிய கிங் நிலையம் செய்த தொடக்க காலப் பணிகளுள் தலையாயது, கன்றுகளின் உடலில் அம்மைப்பாலை வளர்த்து மாகாணம் முழுவதற்கும் அனுப்புவது. குழந்தையின் கையைக் கீறிப் பாலெடுக்கும் வழக்கம் இதனால் மெல்ல ஒழிந்தது. ஆனால் புதிய இடர் ஒன்று முளைத்தது. திரவ வடிவிலான அம்மைப்பால் வெப்பம் தாங்காது. பங்குனி வெயிலில் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்படும்போது வீரியம் இழந்துவிடும். எந்தப் பருவத்தில் நோய் வந்ததோ அந்தப் பருவத்திலேயே மருந்தும் செத்தது. ஊசி போட்டும் அம்மை கண்ட பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டார் அதைப் பார்த்தார்கள், நினைவில் வைத்துக்கொண்டார்கள். 1950-களில் லெஸ்லி காலியர் உறைய வைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகே, கோடையைத் தாங்கும் தடுப்பு மருந்து பேரளவில் கிடைத்தது.

1962-இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம், எண்ணிக்கையை நம்பியது. மக்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நாளொன்றுக்கு இத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டிய பணியாளர்கள், வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் போட்டார்கள். வீட்டுக்குள் தூளியில் கிடந்த குழந்தைகள் விடுபட்டுப் போனார்கள். திருகுபோலத் தோலில் வைத்துச் சுழற்றும் அன்றைய கருவி கொடுத்த வலியையும், கையில் விட்டுச்சென்ற வட்ட வடுவையும் நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை.

சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவ் இந்த இடத்தில் நினைக்கப்பட வேண்டியவர். பல்லாயிரம் நோயாளிகளை நேரில் கண்டு அவர் எழுதிய 'பெரியம்மை' என்ற ஆங்கில நூல் 1972-இல் வெளிவந்தது. அதற்கு முன், 1968-இல், அவரும் உடன்பணியாற்றியோரும் சென்னையில் அம்மை கண்ட 254 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோய் நுழைந்த வீட்டில் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்பதே அவர்கள் கேள்வி. தடுப்பூசி பெறாதவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேலாக நோய் தொற்றியது. பெற்றவர்களில் நூற்றில் ஒருவர் அளவுக்கே தொற்றியது. எங்கள் பாட்டி வாய்திறவாமல் சுமந்த அதே கணக்குத்தான். இம்முறை அது எழுதப்பட்டது. எழுதப்பட்டதால் வேறு வீடுகளுக்குப் பயன்பட்டது.

*

தென்மாநிலங்கள் 1970-களின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் விடுபட்டுவிட்டன. வடக்கில் நிலைமை வேறு. 1974-இல் இந்தியா முழுவதும் 1,88,000-க்கும் மேற்பட்டோருக்குப் பெரியம்மை கண்டது. 31,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டின் உச்சம் மே மாதம். களம் பெரும்பாலும் பீகார். எண்ணிக்கையை நம்பிய திட்டம் தோற்ற பிறகு கடைப்பிடிக்கப்பட்ட வழிதான் வெற்றி தந்தது. அவ்வழி மிக எளியது. நோயுள்ள வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது. அந்த வீட்டின் வாசலை அடைப்பது. சுற்றியுள்ள அனைவருக்கும் ஊசி போடுவது.

தேடியவர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைகளிலும் பள்ளிகளிலும் கேட்டார்கள். தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை விளையாட வரவில்லை என்று குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. கண்டுபிடித்த வீட்டின் வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்ந்தார். உள்ளே போகிறவர் ஊசி போட்டுக்கொண்டே போக வேண்டும். நோயுற்றவர் பொருக்கு உதிரும்வரை வெளியே வரக்கூடாது. ஊசிக் கருவியும் மாறியிருந்தது. இரட்டை முனை கொண்ட சிறு ஊசியால் பதினைந்து முறை மெல்லக் குத்தினால் போதும்.

நாம் இதைப் படிக்கும்போது நம் வீட்டு வாசல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வேப்பிலைக் கொத்து செய்த வேலையை அந்தக் காவலர் செய்தார். வேப்பிலையால் செய்ய இயலாத ஒன்றை ஊசி செய்தது: வாசலுக்கு உள்ளே இருந்த தம்பியையும் தங்கையையும் காத்தது. வீட்டுக்குத் தெரிந்த பாதியும் மருத்துவத்துக்குத் தெரிந்த பாதியும் ஒன்றுசேர ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் எத்தனை கோடைகள், எத்தனை தூளிகள் என்று எண்ணிப் பார்க்க மனம் அஞ்சுகிறது.

1975 மே 24-இல் அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி நோயாளியின் கதை. அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் போலாத் தீவில் ரஹீமா பானு என்ற குழந்தைக்குக் கண்டது, இந்நோயின் கொடிய வகையில் இயற்கையாக வந்த கடைசிப் பெரியம்மை. அவளுக்கு வயது மூன்று, பம்பாயின் அன்னா டஸ்தாலுக்கு இருந்த அதே வயது. அவளைப் பற்றி அதிகாரிகளுக்குச் சொன்னதும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திதான். அவள் வீட்டு வாசலிலும் காவல் போடப்பட்டது. ரஹீமா பிழைத்தாள். 1980 மே 8-இல் உலகச் சுகாதாரப் பேரவை, பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று அறிவித்தது. அன்று நம் ஊரில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்திருக்கும்.

*

சென்ற பங்குனியில் எங்கள் வீட்டு நாலு வயதுப் பேத்திக்குச் சின்னம்மை போட்டது. அது வேறு நோய். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் இறங்கிவிடும். வீட்டில் சிறு வாக்குவாதம் நடந்தது. பெரியவர்கள் வேப்பிலை கட்டச் சொன்னார்கள்; குழந்தையின் தாய் மருத்துவரிடம் போக வேண்டும் என்றாள். "ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்கா?" என்று ஒரு குரல். "அத்தை, காய்ச்சல் நூத்திமூணு" என்று மறுகுரல்.

இறுதியில் இரண்டும் நடந்தன. மருத்துவர் பார்த்தார், தடுப்பூசி போட்டிருக்கலாமே என்று கேட்டார், மருந்து எழுதினார், பொருக்கு உலரும்வரை மற்றக் குழந்தைகளோடு சேர விடாதீர்கள் என்றார். வாசலில் ஏற்கெனவே வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பார்த்துவிட்டுப் பந்தோடு திரும்பிப் போனான்.

மூன்றாம் தண்ணீர் விட்ட அன்று, குழந்தையைத் துவட்டி வெளிச்சத்தில் நிறுத்தி முதுகைத் திருப்பிப் பார்த்தோம். பாட்டி பார்த்த அதே வாசல், அதே வெயில். பாட்டிக்கு இருந்த பயம் எங்களுக்கு இல்லை. அது இல்லாமற்போனதற்கு யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கூச்சம் தாங்காமல் அவள் எங்கள் கையிலிருந்து நழுவித் தெருவுக்கு ஓடிவிட்டாள்.